கொட்டாஞ்சேனை ஏற்றம்

நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்கிறவனுக்குக் கை நோவதில்லை. நோவு பிறகு வேறிடத்தில் வரும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தையில், என் மனைவியின் தமையனார் சிவபாதசுந்தரத்துக்கு முன்னால் நான் அப்படித்தான் கை வைத்தேன்.

“நாளைக்கு மத்தியானத்துக்கு முதல் உங்கட கரவன் கொட்டாஞ்சேனை மேட்டிலை நிக்கும், மச்சான். நான் ரெயில்வேக்காரன். இழுவை எனக்குப் புதிசில்லை.”

ரெயில்வேயில் நான் மருதானைக் கந்தோரில் கிளாக்கர். சேவைக்காலம் முழுவதிலும் நான் இழுத்தது மேசை லாச்சி ஒன்றைத்தான். அதுவும் மழை நாளில் இறுகிவிட்டால் பியூனைக் கூப்பிடுவேன்.

கரவன் என்றால் என்ன என்று எங்கள் ஒழுங்கையில் இனி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒழுங்கையையே அது அடைத்துக்கொண்டு நின்றது. சில்லுப் பூட்டிய வெள்ளை வீடு. கோழிமுட்டையை நெடுக்காக வெட்டிக் கவிழ்த்து, யன்னல் வைத்தது போல இருக்கும். வெள்ளைக்காரன் போகப்போகிறான், நாடு நம்மவர் கைக்கு வரப்போகிறது என்ற கதை உறுதியானதும், தோட்டத்துரை ஒருவர் சீமைக்குக் கப்பல் ஏறினார். ஏறும்போது தன் கரவனை, மைத்துனர் செயலாளராக இருக்கும் தரும வைத்திய சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சபை அதற்குள் சிறிய மருந்துச்சாலை ஒன்றை அமைத்தது. மலைநாட்டில் தோட்டம் தோட்டமாக அதை இழுத்துக்கொண்டு போய், தொழிலாளர் லயங்களில் பிள்ளை பெறுகிற பெண்களைப் பார்க்க ஒரு டொக்டர் வேண்டும்.

என் மகள் அருந்ததி டொக்டர். இந்த வசனத்தை எழுதக் கிடைக்கும் எந்தச் சந்தர்ப்பத்தையும் நான் விடுவதில்லை. என் மகள் அருந்ததி டொக்டர்.

அந்த வேலையை அவள் கேட்டாள். சபை ஒரு நிபந்தனை போட்டது. இழுக்கிற வண்டி டொக்டருடையதாக இருக்க வேண்டும். அது மலையேற வேண்டும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அதைக் காட்டாவிட்டால் வேலை இன்னொரு டொக்டருக்குப் போகும். அவரிடம் சொந்த லொறி இருந்தது, மீசையும் இருந்தது. மைத்துனர் இளைப்பாறிய நில அளவைக்காரர். சொந்த மருமகள் என்பதற்காக அவருடைய அளவுச் சங்கிலி ஓர் அங்குலமும் நீளாது.

வெள்ளவத்தையில் மேடு என்றால் கடல் அலைதான். அதனால் கொச்சிக்கடையிலிருந்து கத்தோலிக்கரின் லூசியாள் கோவிலுக்கு ஏறும் கொட்டாஞ்சேனை ஏற்றத்தை அவர் தெரிந்தெடுத்தார். அது எத்தனைக்கு எத்தனை சாய்வு என்று அவரே முன்னொரு காலத்தில் அளந்தவராம்.

சனிக்கிழமை காலை மருதானைக் கார்த் தரகர் றவூப் நானா நான் தெரிந்தெடுத்த வண்டியோடு வந்து இறங்கினார். பாக்குப் பச்சை நிறச் சலூன் கார். உள்ளே பட்டுத் திரை. ஸ்டியறிங்குக்குப் பக்கத்தில் பூச்சாடி ஒன்று, அதில் உண்மையான ரோசாப்பூ.

“ஐயா, இது ராசா வண்டி,” என்றார் றவூப் நானா. “இதுல போன மாப்புள்ள ஒத்தன் இன்னும் எறங்க மனமில்லாம ஈக்கிறான்.”

அருந்ததி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். நோயாளியைப் பார்க்கிற நடை.

“நானா, இந்தக் கார் எவ்வளவு நிறை?”

“நெறையா? ஆறு சிலிண்டர், தங்கச்சி.”

“அப்பா, கரவன் இதைவிடப் பாரம் எண்டு நினைக்கிறன். வண்டி மாட்டைவிடப் பாரமா இருந்தா ஏற்றத்தில மாடு நிண்டிடும், இறக்கத்தில வண்டி மாட்டைத் தள்ளிப்போடும்.”

“பிள்ளை, இது மாடில்லை. மோட்டர் கார்,” என்றேன் நான்.

இந்தக் காரை நான் ஏன் தெரிந்தெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டுக்காரர் பார்க்கும்போது நன்றாக இருக்க வேண்டும் என்று தெரிந்தெடுத்தேன். மலை, சாய்வு, பாரம் ஒன்றும் என் மனதில் இல்லை. என் மகள் அதில் ஏறும்போது காலி வீதி பஸ் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும் என்பதே என் அளவுகோல்.

இதற்கிடையில் என் மனைவி சிவக்கொழுந்து கரவனை நிரப்பிக்கொண்டிருந்தாள். மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்தில் அரிசிச் சாக்கு, பனங்கிழங்கு ஒடியல் மாத் தகரம், மண் சட்டிகள். எல்லாவற்றுக்கும் பின்னால், வாசலை ஒட்டி, எங்கள் வீட்டு அம்மியும் குழவியும்.

“அம்மா, இது டிஸ்பென்சரி!”

“டிஸ்பென்சரியிலை இருக்கிறவை சாப்பிடமாட்டினமோ? தூளிலை காய்ச்சின கறியைத் திண்டு வருத்தம் வந்தா டொக்டரை ஆர் பாக்கிறது?”

அம்மியை இறக்க அவள் விடவில்லை. சலூன் காரின் முன் சில்லின் கீழ் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள். றவூப் நானா பழத்தை நசித்துக்கொண்டு, பின்னால் பூட்டிய கரவனோடு காரை எடுத்தார். நான் முன்னால் அவருக்குப் பக்கத்தில் இருந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் கை காட்டினேன். பின்னாசனத்தில் தாயும் மகளும். நாங்கள் கோட்டையைத் தாண்டும்போது பொலிஸ்காரர் ஒருவர் எங்களுக்குச் சலியூட் அடித்தார். கரவனுக்குள் வெள்ளைக்காரன் இருப்பதாக நினைத்திருக்கலாம். உள்ளே எங்கள் அம்மி பயணம் செய்தது.

கொச்சிக்கடை வந்தது. ஏற்றம் தொடங்கியது. ராசா வண்டியின் ராச்சியம் அந்த இடத்தில் முடிந்தது.

மூன்றில் ஒரு பங்கு மேடு ஏறியிருப்போம். எஞ்சின் இருமியது. முன் மூடிக்குள்ளிருந்து, இடியப்பத் தட்டுத் திறந்தது போல ஆவி குபுகுபு என்று கிளம்பியது. பின் சில்லுகள் சுழன்றன. கார் நகரவில்லை. பிறகு நகர்ந்தது. பின்பக்கமாக.

“யா அல்லாஹ்!” என்றார் றவூப் நானா, இரண்டு காலாலும் பிறேக்கில் ஏறி நின்றபடி.

எங்களுக்குப் பின்னால் ஒரு சவ ஊர்வலம் வந்துகொண்டிருந்தது.

கறுப்புக் கோட்டுப் போட்டவர்களும் வெள்ளை முக்காடு போட்ட பெண்களுமாகக் கொச்சிக்கடையே திரண்டு வந்தது போல இருந்தது. செபம் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் செபத்தை விட்டுவிட்டு ஓடி வந்து, கரவனின் வாலில் தோள் கொடுத்தார்கள். பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்கள். அவர்கள் பிடித்த பிடியில் காரும் கரவனும் குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல மெதுவாக அடிவாரத்துக்கு இறங்கி ஓரமாக நின்றன. என் ரோசாப்பூ மட்டும் சாடியிலிருந்து விழுந்து என் மடியில் கிடந்தது.

“நான் நினைச்சனான்,” என்றாள் சிவக்கொழுந்து. வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தேன். உச்சியில், கோவிலுக்கு முன்னால், சோலாத் தொப்பியும் குடையுமாக மைத்துனர் நிற்பது அங்கிருந்தே தெரிந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தது தெரியவில்லை. ஆனால் பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

“அருந்ததி, அப்பாவை மன்னிச்சுக்கொள். வேலை போச்சுது,” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எங்களைக் கடந்து ஏறிக்கொண்டிருந்த பிரேத வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுத்த, நீண்ட, கண்ணாடி போட்ட வண்டி. உள்ளே பூ மூடிய பெட்டி. முன்னால் நடப்பவர்களின் கால் வேகத்துக்கு, ஓர் அடி, இன்னோர் அடி என்று மேட்டில் ஏறியது. முன்னால் ஒரு கிழவி செருப்பைச் சரிசெய்யக் குனிந்தாள். வண்டி நின்றது. அவள் நிமிர்ந்தாள். வண்டி மறுபடி எடுத்தது. இருமல் இல்லை, ஆவி இல்லை.

“அப்பா, பாத்தீங்களோ? சாய்விலை நிண்டு எடுக்குது. நடை வேகத்திலை ஏறியும் கொதிக்கேல்லை. அது லொறிச் சட்டத்திலை கட்டினது. பின்னுக்குக் கொக்கி கூட இருக்கு.”

“அதுக்கென்ன?”

“அதுதான் எங்கட வண்டி.”

எனக்கு விளங்க ஒரு கணம் சென்றது. சிவக்கொழுந்துக்கு உடனே விளங்கிவிட்டது.

“சிவ சிவா! டொக்டர் அம்மா பிரேத வண்டியிலை வந்து இறங்கினா, வருத்தக்காரர் மருந்துக்கு வருவினமோ, மரக்கறிக் கொல்லையாலை ஓடுவினமோ?”

நான் அமைதி உண்டாக்கப் புறப்பட்டேன். “இஞ்சேரும், பிரேதம் எதிர்ப்பட்டா நல்ல சகுனம் எண்டு நீர்தானே எப்பவும் சொல்லுவீர்?”

“எதிரை வந்தா நல்லது. இது பின்னாலை வந்து எங்களை முந்திக்கொண்டெல்லோ போகுது! அதுக்கு என்ன பலன்?”

சாத்திரம் எழுதியவர்கள் இந்த இடத்தில் எங்களைக் கைவிட்டுவிட்டார்கள். எதிரே வருவதற்கும் குறுக்கே போவதற்கும் பலன் சொன்னவர்கள், முந்திப் போவதைப் பற்றி யோசிக்கவில்லை. அவர்கள் காலத்தில் பிரேதத்துக்கு எஞ்சின் இல்லை.

அதற்குள் அருந்ததி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். கோவில் வாசலில் பெட்டியை இறக்கித் தோளில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பூசை தொடங்கியது. சனத்துக்கு வழிவிட்ட மைத்துனர் கோவிலின் மறுபக்கம் ஒதுங்கியிருந்தார், எங்களைக் காணவில்லை. வண்டி வெறுமையாக நின்றது. அதன் மட்கார்டில் சாய்ந்தபடி கறுப்புச் சேலை கட்டிய ஓர் அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் கடைசிப் பயணம் போகிறவர்கள் எல்லாரும் மரியகொறற்றி அம்மாவின் தயவில்தான் போகிறார்கள் என்று பிறகு அறிந்தேன். புருஷன் விட்டுப்போன தொழிலை அவர் தனியாக நடத்துகிறார்.

“அம்மா, உங்கட வண்டி ஏறின விதத்தைப் பாத்தனான்,” என்றாள் அருந்ததி.

“பாக்காம? சத்தம் போடாம ஏறும். உள்ள இருக்கிறவங்க ஒருத்தர் கூட இதுவரைக்கும் குறை சொன்னதில்ல.”

“இதுக்கு முதல் லொறியோ?”

“லொறியேதான். பின்னால இன்னொரு வண்டியக் கட்டி இழுத்த லொறி. அந்தக் கொக்கிய எங்க வீட்டுக்காரரு கழட்டவே இல்ல. இப்ப புது வண்டி கட்டக் குடுத்திருக்கேன், தங்கச்சி. இத வித்துப்புடலாம்னு பாத்தா, வாங்க வாறவன் எல்லாம் சிலுவை போட்டுக்கிட்டு ஓடிடுறான். நீ யாருக்குக் கேக்குற? யாரும் போய்ச் சேந்துட்டாங்களா?”

“போய்ச் சேராமல் இருக்கத்தான் கேக்கிறன்,” என்றாள் என் மகள்.

பிறகு சொன்னாள். தோட்டத்தில் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடக்க, தாயைச் சாக்கில் கட்டி மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வருவார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது டொக்டருக்கு வேலை இருக்காது. அடுத்த வேலை மரியகொறற்றி அம்மாவுடையதாகத்தான் இருக்கும். மூன்று வருஷம் வார்ட்டில் நின்று அதைப் பார்த்திருக்கிறாள். வீட்டில் ஒரு நாளும் அவள் எங்களுக்கு இதைச் சொன்னதில்லை. நான் அவளுடைய சேர்ட்டிபிக்கற்றுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவன். அதற்குப் பின்னால் இருந்தது என்ன என்று அந்த மேட்டில்தான் கேட்டேன்.

மரியகொறற்றி வெற்றிலையை வாயில் போடாமல் முந்தானையில் முடிந்தார்.

“ஏறு. பூசை முடியிறதுக்குள்ள கொண்டாந்துடணும். நானும் பக்கத்துல இருப்பேன். வண்டிய நம்பலாம், டொக்டர்மார நம்பக் கூடாது. என் தொழில்ல அதுதான் பாடம்.”

யுத்தகாலத்தில் ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் ஓட்டிப் பழகியவள் அருந்ததி. பிரேத வண்டியைப் பின்பக்கமாகவே அடிவாரத்துக்கு இறக்கினாள். றவூப் நானா சலூனைக் கழற்றிவிட்டு, கரவன் மூக்கிலிருந்த இரும்பு வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஊசியாணியைச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். தன் காரின் மானம் போன கோபம் முழுவதையும் அந்த ஆணியில் இறக்கினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“அம்மா, அம்மி பின்னுக்கு இருக்கிறதாலை கரவன்ரை மூக்கு மேலை தூக்குது. அது காரின்ரை பின்பக்கத்தையும் சேத்துத் தூக்கினபடியாத்தான் சில்லு சும்மா சுத்தினது. அம்மியைச் சில்லுக்குக் கொஞ்சம் முன்னாலை வைக்கவேணும்,” என்றாள் அருந்ததி.

எல்லாரும் சிவக்கொழுந்தைப் பார்த்தோம். அவள் பிரேத வண்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் உதிர்ந்து கிடந்த மல்லிகைப் பூவைப் பார்த்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“இறக்க வேண்டாம் எண்டால் சரி,” என்றாள். தாயும் மகளுமாகக் கரவனுக்குள் ஏறி, அம்மியை உருட்டி முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

இறங்கி வந்தவள் மடியை அவிழ்த்தாள். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம். பிரேத வண்டியின் முன் சில்லின் கீழ் அதை வைத்தாள்.

“இரண்டு பழம் கொண்டு வந்தனீரோ?” என்றேன்.

“நீங்கள் தெரிஞ்செடுத்த கார் எண்டபடியால் இரண்டு கொண்டு வந்தனான்.”

பழம் நசிந்தது. வண்டி எடுத்தது.

நானும் சிவக்கொழுந்தும் றவூப் நானாவும் பின்னால் நடந்தோம். ஓட வேண்டியிருக்கவில்லை. அது எங்கள் நடைக்குத்தான் போனது. பச்சைச் சலூன் படுத்த இடம் வந்தது. தாண்டியது. இருபக்கமும் கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். பிரேத வண்டியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்கள். அதன் பின்னால் ஒரு வெள்ளை வீடே வருவதைக் கண்டு, யாரோ பெரிய இடத்தில் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மேட்டின் மிகச் செங்குத்தான இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

என் இருதயமும் நின்றது. “ஐயோ, பிள்ளை…”

“சத்தம் போடாதையுங்கோ. வேணுமெண்டுதான் நிப்பாட்டினவள்,” என்றாள் சிவக்கொழுந்து. “அண்ணை பாக்கட்டும் எண்டு.”

வண்டி நின்ற இடத்திலிருந்து, ஒரு விரற்கடை கூடப் பின்வாங்காமல், மறுபடி எடுத்தது.

உச்சியில் மைத்துனர் எங்களைக் காண்பதற்கு முன் கறுத்த வண்டியைக் கண்டார். பழக்கத்தில் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தார், இறந்தவருக்கு மரியாதை. வண்டி அவருக்கு நேரே வந்து நின்றது. ஸ்டியறிங்குக்குப் பின்னால் இருப்பது யார் என்று அப்போதுதான் கண்டார். குனிந்து கரவனின் சில்லைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். மூக்கு மட்டமாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“மாமா, மத்தியானம் ஆச்சுதோ?” என்றாள் அருந்ததி.

“இன்னும் ஆகேல்லை, பிள்ளை,” என்றார் மைத்துனர். குரல் வழக்கமான நில அளவைக் குரலாக இருக்கவில்லை. “திங்கட்கிழமை நீ புறப்படலாம்.”

இறந்தவருக்குக் கழற்றிய தொப்பியை அவர் திரும்ப வைக்கவில்லை. அந்த வெயிலில், நரைத்த தலையோடு, மருமகளுக்கு முன்னால் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மனுஷன் என் கலியாணத்துக்குக் கூடத் தொப்பியைக் கழற்றியவர் இல்லை.

விலை பற்றி நானும் மரியகொறற்றி அம்மாவும் பேசியதை விட்டுவிடுவோம். இரண்டு பேருக்கும் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. கடைசியில் கை கொடுத்தோம். மாதம்பிட்டி மயானத்துக்கு இன்றைக்கு இதுவே கடைசி ஓட்டம். அதன் பிறகு வண்டி எங்களுடையது.

அப்போது கோவில் மணி அடித்தது. பூசை முடிந்தது. பெட்டி தோளில் வெளியே வந்தது.

“கரவனைக் கழட்டுங்க!” என்றார் மரியகொறற்றி.

றவூப் நானா ஆணியை இழுத்தார். தட்டினார். கால் வைத்து இழுத்தார். கோபத்தில் அடித்த ஆணி, கோபம் ஆறிய பிறகு வருமா? வரவில்லை.

பெட்டி வாசற்படியில் நின்றது. சனம் பார்த்தது. அருந்ததியின் முகம் சிவந்தது. அவள் இறங்கி, முன்னால் நின்ற மூத்த மகனிடம் கைகூப்பினாள். “ஐயா, எங்கட பிழை. உங்கட அப்பாவின்ரை கடைசிப் பயணத்திலை…”

அகன்ற தோளுடைய அந்த மனிதர் வெள்ளைக் கரவனை மேலும் கீழும் பார்த்தார். அதில் எழுதியிருந்த மருந்துச்சாலைப் பெயரை வாய்க்குள் வாசித்தார்.

“அப்பா ஆயுசு முழுக்க ஹாபர்ல பாரம் இழுத்தவரு. நல்லா வாழ்ந்து, பழுத்துப் போனவரு. அவருக்குப் பின்னால ஒரு பாரம் வந்தா கோவிச்சுக்க மாட்டாரு. நீங்களே ஓட்டுங்கம்மா. எங்கப்பாவ அலுங்காம கொண்டு போவீங்க. நீங்க ஏறி வந்ததக் கோவில் வாசல் வழியாப் பாத்தேன்.”

அப்படித்தான் நாங்கள், பெயர் கூடக் கேட்டறியாத ஒருவருடைய ஊர்வலத்தில், முழுக் குடும்பமாக நடந்தோம். முன்னால் செபம். நடுவில் என் மகள் ஓட்டும் வண்டி. பின்னால் எங்கள் அம்மியைச் சுமந்த கரவன். அதற்குப் பின்னால் தொப்பி இல்லாத மைத்துனர், நான், சிவக்கொழுந்து. சிவக்கொழுந்து தெரியாத செபத்துக்குத் தேவாரத்தை முணுமுணுத்தாள். போனவருக்கு அதில் ஒரு குறையும் இருந்திராது.

தெருமுனையில் ஒரு பெரியவர் என் கையைத் தொட்டார். “யாருங்க போறது?”

“ஓட்டுறது என்ரை மகள்!” என்றேன் நான். “டொக்டர்!”

பெரியவர் குழம்பிப்போய்த் தலையசைத்தார். பக்கத்தில் சிவக்கொழுந்து முந்தானையால் வாயை மூடினாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கொஞ்சத் தூரம் நடந்ததும் சொன்னாள்:

“திங்கட்கிழமை அவளோடை நானும் போறன்.”

“எங்கை?”

“மலைக்கு.”

“நீரோ? அப்ப எனக்குச் சமையல்…”

“என்னத்துக்கு அம்மியை ஏத்தினனான் எண்டு, இவ்வளவு தூரம் அதுக்குப் பின்னாலை நடந்தும் உங்களுக்கு விளங்கேல்லையோ?”